செப்டம்பரில் வாங்காத ரேம்

திருச்சி மாவட்டத்தில், கம்ப்யூட்டரின் எந்தப் பாகத்தை எந்த நாளில் வாங்கினால் ஒரு ரூபாய்கூட வீணாகாது என்று அறிந்தவர் ஒரே ஒருவர்தான். அது நான். தற்பெருமையாகச் சொல்லவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வருகிறவரிடம் சொல்வதுபோல ஒரு தகவலாகச் சொல்கிறேன். மாவட்டத்துக்கு வெளியே விசாரிக்கவில்லை. கரூரில் யாராவது இருக்கலாம்.

இந்த அறிவு எனக்குக் கோபத்திலிருந்து வந்தது. கோபம் அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா சௌரிராஜன் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வகுப்பில் "நிரூபி, நிரூபி" என்று பிள்ளைகளின் உயிரை வாங்குகிறவர், வீட்டுக்கு வந்துவிட்டால் ராகு காலத்தில் ஒரு பல்பைக்கூட மாற்ற மாட்டார். பள்ளிக்கு ஒருநாளும் தாமதமாகக் கூடாது என்பதற்காகச் சுவர்க் கடிகாரத்தை நாலு நிமிடம் கூட்டி வைத்திருப்பவர். ராகு காலம் என்று வந்தால் மட்டும் அந்த நாலு நிமிடத்தையும் கழித்துத் துல்லியமாகப் பார்ப்பார்.

போன வருடம் புது ஃப்ரிட்ஜ் வந்தபோது செவ்வாய்க்கிழமை, மணி மூன்று ஐந்து. ராகு காலம் தொடங்கி ஐந்து நிமிடம். அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வாசலில் அந்த ஃப்ரிட்ஜ் லோடு ஆட்டோவின் மேலேயே ஒன்றரை மணி நேரம் நின்றது. டிரைவர் கத்தினார். பின்னால் மாட்டிக்கொண்ட பள்ளி வேன் கத்தியது. எதிர்வீட்டு பீமராவ் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அப்பா அசையவில்லை. நாலரை அடித்ததும் ஃப்ரிட்ஜ் இறங்கியது. நாலாம் மாதம் கம்ப்ரஸர் போயிற்று.

"என்னப்பா ஆச்சு உங்க நல்ல நேரம்?" என்று கேட்டேன்.

"ராகு காலத்துல இறக்கியிருந்தா நாலாம் நாளே போயிருக்கும்டா" என்றார்.

இந்த மனிதரிடம் எதை நிரூபிப்பது?

இதாவது பரவாயில்லை. நானும் ஜாஹ்னவியும் இரட்டையர். ஒரு வெள்ளிக்கிழமை, நான் பதினொன்று ஐம்பத்தாறுக்கு வந்தேன். அவள் பன்னிரண்டு நாலுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. இருபத்தோரு வருடமாக வீட்டில் டம்ளர் உடைந்தாலும் சரி, டி.வி.யில் படம் போனாலும் சரி, அப்பா என்னைத்தான் பார்ப்பார். "லக்ஷ்மிகாந்த் ஒரு நாலு நிமிஷம் பொறுத்துண்டிருக்கலாம்" என்பார். பிறந்த நேரத்துக்காக ஒருவனைக் குற்றம் சொல்லும் வீட்டில் வளர்ந்தவன், ஒன்று சாமியாராகப் போவான், இல்லையென்றால் என்னைப்போல அறிவியலின் பக்கம் சாய்வான்.

அப்பாவின் பஞ்சாங்கத்துக்கு எதிராக நான் ஒரு அட்டவணை தயாரித்தேன். கம்ப்யூட்டர் மேசைக்கு மேலே சுவரில் பெரிய சார்ட் பேப்பர். அதில் மதர்போர்டு, பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் வாரா வாரம் என்ன விலை என்று மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவில். சிவப்பு என்றால் தொடாதே. மஞ்சள் என்றால் பொறு. பச்சை என்றால் வாங்கு. பச்சை அதுவரை ஒருமுறைகூட வரவில்லை. அது அட்டவணையின் குற்றமல்ல, விலைகளின் குற்றம்.

இப்போது ஜாஹ்னவியின் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இன்னும் இன்ஜினியரிங் கடைசி வருடம். அவள் விஸ்காம் படித்து மே மாதமே முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூடத்தில் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தாள். ஆகஸ்ட் கடைசியில் ஹைதராபாத்தில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவிலிருந்து அவளுக்கு மெயில் வந்தது. ஒரு நிமிடப் படம் ஒன்றைத் தானே செய்து அனுப்ப வேண்டும். கெடு ஜனவரி ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி. நான்கு பேரை எடுப்பார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் அவர்களுடைய இணையப் பக்கம் மூடிக்கொள்ளும்.

அவள் எடுத்துக்கொண்டது முக்கொம்பு. ஒரே படுக்கையில் இடித்துக்கொண்டு வருகிற இரண்டு பேர், காவிரியும் கொள்ளிடமும், இடத்துக்காகச் சண்டை போட்டு அணையில் வந்து பிரிகிற கதை. படம் முழுக்கத் தண்ணீர். தண்ணீரைக் கையால் வரைய முடியாது. ஒவ்வொரு துளியும் எங்கே போகும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் வைத்துக்கொள்வதற்குத்தான் ரேம். எங்கள் கம்ப்யூட்டருக்கு எட்டு வயது, எட்டு ஜிபி ரேம். படத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாவது ஃப்ரேமில், இரண்டு ஆறும் பிரிய வேண்டிய அதே இடத்தில், அது கண்ணை மூடிவிடும். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இருநூற்றுப் பன்னிரண்டு.

"ரேம் போறலடா. முப்பத்திரண்டு போட்டா ஓடும்" என்றாள். செப்டம்பர் முதல் வாரம். கையில் ஏழாயிரம் வைத்திருந்தாள்.

நான் சிரித்தேன். இரக்கத்தோடுதான்.

"இந்த போர்டு பழசு, ஜானு. பழைய போர்டுல போய் ரேமைப் போடறது, கிழிஞ்ச வேஷ்டிக்கு ஜரிகை வைக்கற மாதிரி. வாங்கினா போர்டு, பிராசஸர், ரேம், மூணையும் சேர்த்து வாங்கணும். அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு."

"எனக்கு மூணும் வேண்டாம். ரேம் போறும்."

"சரி, ரேம்னே வச்சுக்கோ. இப்போ மஞ்சள். தீபாவளி சேல் வரட்டும்."

அவள் என்னை நம்பாமல் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மாடியில் இருக்கிறது இன்னாசிராஜ் அண்ணன் கடை. பாதிக் கடையை உடைந்த மானிட்டர்கள் அடைத்திருக்கும். மீதிப் பாதியில் அவரும் அவருடைய டீ டம்ளரும்.

"ஆறாயிரத்து எண்ணூறுங்க. ரெண்டு ஸ்டிக். உங்க போர்டுக்கு அப்படியே உட்காரும். தம்பி, எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. விலை ஏறப்போகுதுன்னு சென்னையில சொல்றாங்க" என்றார்.

நான் சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். ஏனென்றால் பின்னால் அது எனக்கு வார்த்தை மாறாமல் திரும்பி வந்தது.

"அண்ணே, விலை ஏறும்னு விக்கறவர்தான் எப்பவும் சொல்றார். வாங்கறவன் சொல்லி நான் கேட்டதே இல்ல."

இன்னாசிராஜ் அண்ணன் டீயைக் குடித்தார். ஜாஹ்னவி பணத்தைப் பையில் வைத்துக்கொண்டாள். வரும் வழியில் பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. ஒரு விஞ்ஞானிக்கு வீட்டில் இந்த மரியாதைதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி சேல் வந்தது. எண்ணாயிரம். "இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறும்" என்று சார்ட்டில் எழுதினேன். நவம்பர் கடைசியில் இன்னொரு சேல். ஆன்லைனில் பட்டாசு வெடிக்கிற படம் போட்டு, எழுபது சதவீதம் தள்ளுபடி என்று எழுதி, கீழே பதின்மூன்றாயிரம் என்று போட்டிருந்தான். எதிலிருந்து எழுபது சதவீதம்? யாருடைய பாட்டன் காலத்து விலையிலிருந்து? அன்று நான் கீபோர்டில் அடித்த அடியில் ஒரு பட்டன் கழன்று வந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "நாலு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார். அம்மா வத்ஸலா, "இப்போ வேண்டாம்னா" என்று அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

ஏன் ஏறுகிறது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கொதித்தது. உலகத்தில் செய்கிற ரேமையெல்லாம் பெரிய பெரிய ஏ.ஐ. கம்பெனிகள் மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு போகின்றனவாம். எதற்கு? ஒரு பூனைக்குக் கோட்டு மாட்டி, கையில் காபி கொடுத்து, மழையில் நிற்கிற மாதிரி படம் போட்டுக் கேட்கிறவனுக்குப் போட்டுக் கொடுப்பதற்கு. நிஜமாகவே படம் போடத் தெரிந்த ஒருத்தி ஸ்ரீரங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாவது ஃப்ரேமில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இரண்டு ஸ்டிக் கிடையாது. பூனைக்குக் கோட்டு உண்டு.

இந்தக் கோபத்தை நான் ஜாஹ்னவியிடம் விளக்கமாகச் சொன்னேன். அவள் சொன்னது ஒரு வரிதான்.

"செப்டம்பர்ல பூனை ஒண்ணும் குறுக்க வரலை. நீதான் வந்தே."

மார்கழி பிறந்த இரண்டாம் நாள் அது வெடித்தது. விலை பதினேழாயிரத்தைத் தாண்டியிருந்தது. காலையில் நான் வழக்கம்போல ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு சார்ட்டின் முன்னால் நின்றேன். ஜாஹ்னவி பின்னால் வந்து நின்றாள்.

"என்ன சொல்றது உன் சார்ட்டு?"

"மஞ்சள்."

"மஞ்சளா?"

"ஜனவரி முதல் வாரம் புது மாடல் எல்லாம் அறிவிப்பா. உடனே பழசு விலை சரியும். வருஷா வருஷம் இதுதான்..."

"ஜனவரி முதல் வாரம் என் படம் அங்க போய்ச் சேரணும்டா!"

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "மார்கழி பொறந்தாச்சு. இனிமே புதுசா ஒண்ணும் வாங்கப்படாது. தை பொறக்கட்டும். வெள்ளிக்கிழமையா பார்த்து..."

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. "அப்பா! ரேமுக்கு மார்கழி தெரியாது. ரேமுக்கு ராகு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணும் பூஜ்யமும்தான். நீங்க கணக்கு வாத்தியார்தானே, வெக்கமா இல்லையா?"

"அவரை ஏண்டா கேக்கறே?" என்றாள் ஜாஹ்னவி. குரல் திடீரென்று தணிந்துவிட்டது. கத்தும்போதைவிட இதுதான் பயமாக இருந்தது. "ஒண்ணு சொல்லு. அப்பாவோட ராகு காலம் எத்தனை மணி நேரம்?"

"ஒன்றரை."

"உன்னோடது?"

நான் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைப் போட்டேன்.

"நாலு மாசம்! நாலு மாசத்துக்கு ஒரு ராகு காலமாடா? தீபாவளி வரட்டும், சேல் வரட்டும், புது மாடல் வரட்டும். அவர் பஞ்சாங்கத்துல ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நல்ல நேரம் வரும். உன் பஞ்சாங்கத்துல பச்சையே கிடையாது. அவர் ஒரு ஃப்ரிட்ஜைத்தான் தெருவுல நிறுத்தினார். நீ என்னை நிறுத்தி வச்சிருக்கே. நகர விடாம நிறுத்தி வச்சிருக்கே!"

கூடத்தில் அப்பா சிரிப்பது கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சிரிக்காதேங்கோ. உங்களைப் பார்த்துதான் இவன் இப்படி ஆயிட்டான். ரெண்டு பேருக்கும் பஞ்சாங்கம் இல்லாம கையும் ஓடாது, காலும் ஓடாது. உங்களுது புஸ்தகம், இவனுது சுவர்ல தொங்கறது. அவ்ளோதான்."

சிரிப்பு நின்றது. ஜாஹ்னவி கையை உயர்த்தி என் சார்ட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். எட்டு மாத உழைப்பு. சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். என் வாழ்க்கையிலேயே என்னை யாரும் இவ்வளவு கேவலப்படுத்தியதில்லை. அப்பாவோடு என்னை ஒரே வாக்கியத்தில் வைத்ததைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இருக்கிற எட்டு ஜிபியில் முடிக்கப் பார்த்தாள். துளிகளைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டைத் தாண்டிற்று. ஆனால் தண்ணீர் தண்ணீராக இல்லை. கல்யாண வீட்டு ஜெல்லி மாதிரி அணையிலிருந்து காவிரி தொங்கிற்று. அதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த விதத்தை நான் கதவோரத்திலிருந்து பார்த்தேன். அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. ஜெல்லியை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஜனவரி இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. தண்ணீர் சரியாக ஓடினால்கூட படம் முழுவதையும் கம்ப்யூட்டர் தீட்டி முடிக்க அறுபத்தைந்து மணி நேரமாவது ஆகும் என்று அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கள் காலையிலிருந்து அறுபத்தைந்து மணி நேரத்தைக் கழித்தால் வெள்ளி மாலை வந்துவிடுகிறது. அன்று மாலைக்குப் பிறகு ரேம் கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

நான் கல்லூரி நண்பர்களோடு கோவா போக வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டேன். அவளிடம் போய் அவளுடைய ஏழாயிரத்தைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"ரேமுக்கு."

"மீதி?"

"என்கிட்ட இருக்கு."

"உன் காசு எனக்கு வேண்டாம்."

"சரி, வேண்டாம். ரேம் வேணுமா?"

ஏழாயிரத்தை என் கையில் தரவில்லை. மேசை மேல் எறிந்தாள்.

கோயிலில் ராப்பத்து உற்சவக் கூட்டம். எங்கள் தெருவிலிருந்து எந்த வண்டியும் வெளியே போக முடியாதபடி போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். மாம்பழச் சாலை வரைக்கும் எதிரே வருகிற மக்களை இடித்துக்கொண்டு நடந்தேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஒரு யுகம் நின்றது. சத்திரத்தில் இறங்கி மாடி ஏறியபோது இன்னாசிராஜ் அண்ணன் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார்.

"இருபத்தோராயிரத்து ஐந்நூறு தம்பி. கடைசி செட்டு. விலை ஏறும்னு நான் சொல்லலை. 'விலை ஏறும்னு விக்கறவர்தான் எப்பவும் சொல்றார்', பாருங்க."

நான் பணத்தை எண்ணி வைத்தேன்.

"உங்க பதிலை என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். டோரதி விழுந்து விழுந்து சிரிச்சா. கடையில எழுதி மாட்டுங்கன்னா."

"எப்பண்ணே இறங்கும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பழக்கதோஷம்.

"அது தெரிஞ்சா நான் ஏன் தம்பி இந்த மொட்டை ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்திருக்கேன்?" என்றவர், ரேம் பெட்டியோடு சுருட்டி வைத்திருந்த ஒரு தினசரிக் காலண்டரையும் கொடுத்தார். "புது வருஷம். சண்டை வேணாம். வீட்டுல மாட்டுங்க."

காலண்டரில் வேளாங்கண்ணி மாதா. ஒரு வைஷ்ணவ வீட்டுக்குள் இதை எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்தேன். கொண்டு போனதும், அரையாண்டு விடுமுறையில் வீட்டிலிருந்த அப்பா வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தாளுக்குத் தாள் கீழே ராகு காலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்திருந்தது. "பேஷ். எல்லாம் போட்டிருக்கானே" என்று சொல்லி, என் சார்ட் கிழிந்து நின்ற அதே ஆணியில் அவரே மாட்டினார். மாட்டியவர் அன்றைய தாளைப் பார்த்தார். என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார்.

"பதினொண்ணு இருபதுடா. வெள்ளிக்கிழமை. நாப்பது நிமிஷம்தான். பன்னண்டு அடிச்சதும் போட்டுக்கோயேன்."

இருபத்தோரு வருடக் கோபமும் என் விரலுக்கு வந்தது.

"அப்பா, நான் பொறந்த நேரம் இது. இதுலதான் போடுவேன். ஏதாவது ஆனா ராகுவை என்கிட்ட வந்து பேசச் சொல்லுங்கோ."

அவர் கண்ணெதிரே கேபினெட்டைத் திறந்தேன். இரண்டு ஸ்டிக்கையும் அழுத்தினேன். டக், டக். பதினொன்று இருபத்தெட்டுக்குப் பட்டனை அமுக்கினேன். "பார்த்தியா, ஓடலை" என்று சொல்ல அப்பா காத்திருந்தார். திரை வந்தது. முப்பத்திரண்டு ஜிபி. ஜாஹ்னவி படத்தை ஓட்டினாள். இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பதின்மூன்று. கொள்ளிடம் பிய்த்துக்கொண்டு வலது பக்கம் பாய்ந்தது. நிஜத் தண்ணீர். நுரைகூட இருந்தது.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "ராகு என்ன சொல்றார்?" என்றேன். அவர் கூடத்துக்குப் போய்விட்டார்.

ஜாஹ்னவி திரும்பவில்லை. "நீ ராகுவை ஜெயிச்சது இருக்கட்டும்" என்றாள் திரையைப் பார்த்தபடி. "செப்டம்பரைத் திருப்பிக் குடு."

அடுத்த மூன்று நாள் எங்கள் வீடு ஒரு கம்ப்யூட்டருக்காக வாழ்ந்தது. கிரைண்டர் போட்டால் ஃபியூஸ் போகும் என்பதால் கிரைண்டருக்குத் தடை. "அரைக்காம தோசைக்கு என்னடா பண்றது? உன் அட்டவணையைக் கரைச்சு ஊத்தட்டுமா?" என்று அம்மா என்னிடம் எரிந்து விழுந்தாள். ஜாஹ்னவி மானிட்டரின் வலது கீழ் மூலையில், மணி காட்டுகிற இடத்தை மறைத்து, ஒரு காகிதத்தை ஒட்டினாள்: 'தொட்டால் கொலை.' நான் தொடவில்லை. அந்த அறையில் சத்தமாகத் தும்மக்கூட இல்லை. ஆனால் நாளுக்கு முப்பது தடவை போய் எண்ணைப் பார்த்தேன். எழுநூறு. ஆயிரம். மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டியபோது ஓடிப் போய்ப் பார்த்தேன்; யு.பி.எஸ். கம்ப்யூட்டரை அணையாமல் பிடித்து வைத்திருந்தது. செப்டம்பரில் வாங்கியிருந்தால் இவள் இதைப் பத்து முறை திருத்தியிருப்பாள். இப்போது ஒரே ஒரு முறை. அதில் ஏதாவது ஆனால் அதற்கு ராகுவும் காரணமில்லை, பூனையும் காரணமில்லை.

திங்கள் காலை ஏழு இருபத்தைந்துக்குக் கடைசி ஃப்ரேம் முடிந்தது. ஜாஹ்னவி படத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தைத் திறந்து படத்தை ஏற்றத் தொடங்கினாள். பெயர், முகவரி, எல்லாம் நிரப்பினாள். படம் பாதி ஏறுவதற்குள் சேரிலேயே தலை சாய்ந்தது.

"நீ போய்ப் படுத்துக்கோ. நான் அனுப்பறேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அந்தப் பார்வையில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் எல்லாம் இருந்தன.

"முழுசா ஏறினதும் அந்தப் பச்சை பட்டனை அமுக்கணும். அவ்ளோதான். இதையாவது பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். போன வேகத்தில் தூங்கிவிட்டாள்.

ஏழு ஐம்பதுக்குப் படம் முழுதாக ஏறிவிட்டது. திரையின் நடுவில் பச்சை பட்டன். என் அட்டவணையில் எட்டு மாதமாக வராத பச்சை.

மவுஸில் கை வைத்தேன். வைத்தபடி நிமிர்ந்தேன். எதிரே ஆணியில் மாதா. கீழே அன்றைய தாள். திங்கள். ராகு காலம் 7.30 – 9.00.

கையை எடுத்துவிட்டேன்.

தவறாக நினைக்க வேண்டாம். காலை எட்டு மணிக்கு எல்லோரும் அனுப்புவார்கள், ஸ்டுடியோவின் சர்வரில் கூட்டமாக இருக்கும் என்பது ஒரு தொழில்நுட்பக் காரணம். ஒன்பதுக்கு மேல் கூட்டம் குறையும். கெடு பத்து மணி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நான் சேரில் நேராக உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

எட்டேகாலுக்கு அம்மா வந்து, "அனுப்பியாச்சாடா?" என்றாள். "நெட் கொஞ்சம் ஸ்லோ" என்றேன். எட்டரைக்கு நெட் ஸ்லோவாக இருக்கிறதா என்று பார்த்தேன். பறந்தது. எட்டே முக்காலுக்குப் பக்கத்து அறையில் ஜாஹ்னவி புரண்டு படுக்கிற சத்தம் கேட்டபோது மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைத்தேன். பட்டனைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். யாராவது என்னை இந்த நிலையில் பார்த்தால் காவிரியில் குதிக்க வேண்டியதுதான்.

சுவர்க் கடிகாரம் ஒன்பது காட்டியது. மவுஸைப் பிடித்தேன்.

"டேய்."

அப்பா. பள்ளிக்குக் கிளம்பி, கையில் சாப்பாட்டுப் பையோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. திரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தூங்குகிறவளை எழுப்பாத குரலில் சொன்னார்.

"அந்தக் கடியாரம் நாலு நிமிஷம் ஃபாஸ்ட்டுடா."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். நாலு நிமிடமும் இருவரும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அமுக்கினேன்.